தூக்க மாத்திரையை அள்ளி விழுங்கிய பிள்ளையை "தூங்கட்டும்" என்று விடாதீர்கள்

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்), மதுரை
ஞாயிறு, காலை 9.40

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு கல்லூரிப் பெண் பாட்டியின் தூக்க மாத்திரைகளை எடுத்து விழுங்கிவிட்டாள். ராத்திரி வீட்டில் ஏதோ வாக்குவாதம். காலையில் எழுப்பியிருக்கிறார்கள்; "ம்" என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறாள். கோபத்தில் படுத்திருக்கிறாள், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள். மதியம் பாட்டி தன் மாத்திரை டப்பாவைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஐ.சி.யூ.வில் வைத்துப் பார்த்தார்கள். பிள்ளை பிழைத்துவிட்டாள்.

அந்த வீட்டில் யாரும் அலட்சியமானவர்கள் இல்லை. பூச்சிமருந்து வாடை அடித்திருந்தால் அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். தூக்க மாத்திரை என்றால் மட்டும் நமக்குப் பதற்றம் வருவதில்லை. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையோடு சேர்ந்து அதுவும் வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் மேலே கிடக்கிறது. யார் எடுக்கிறார்கள், எத்தனை குறைந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. பதினைந்து வயதிலிருந்து இருபத்தைந்து வரை உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைப் பேசத்தான் இந்த இழை.

இங்கே மருத்துவத் துறையில் இருப்பவர்கள் பலர் உண்டு. தெரிந்ததை எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: எந்த மாத்திரை எத்தனை என்ற கணக்கை யாரும் எழுத வேண்டாம். படிப்பவர் எந்த மனநிலையில் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

---

இரவுப்பணி, அரசு மருத்துவமனை செவிலியர்
ஞாயிறு, காலை 11.05

அண்ணா, நல்ல நேரத்தில் தொடங்கினீர்கள். நான் கேஷுவால்ட்டியில் வேலை பார்க்கிறேன். தேர்வு முடிவு வரும் வாரம், செமஸ்டர் ரிசல்ட் வரும் வாரம், இந்தக் கேஸ்கள் எங்களுக்குக் கூடும். நான் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு மாத்திரை வீட்டிலிருந்தே கிடைத்தது.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். டயஸிபாம், அல்பிரசோலாம், குளோனசிபாம், நைட்ரசிபாம் எல்லாம் ஒரே குடும்பம். மூளையின் ஓட்டத்தை மெதுவாக்குகிற காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இவை கூட்டுகின்றன. அளவோடு இருந்தால் படபடப்பு அடங்கும், தூக்கம் வரும், வலிப்பு நிற்கும். அளவு மீறினால் தொண்டைத் தசை தளர்ந்து நாக்கு பின்னால் விழுகிறது. இருமுகிற உணர்வு போய்விடுகிறது. அந்த நேரத்தில் வாந்தி வந்தால் அது நேராக நுரையீரலுக்குப் போகிறது. கூடவே மது குடித்திருந்தாலோ டிரமடால், டேபென்டடால் மாதிரி வலி மாத்திரை போட்டிருந்தாலோ மூச்சே குறைந்துகொண்டு போகும். எங்களிடம் வந்தும் உயிர் போனவர்களில் பெரும்பாலோர் இப்படிக் கலந்து எடுத்தவர்கள்தான்.

வீட்டில் உள்ளவர்கள் ஏமாந்து போவது குறட்டையில். "நல்லா குறட்டை விட்டுத் தூங்கினான் சிஸ்டர்" என்பார்கள். வழக்கமாகக் குறட்டை விடாத பிள்ளை கரகரவென்று இழுத்து மூச்சு விட்டால் மூச்சுப்பாதை பாதி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண் திறந்து தெளிவாகப் பதில் சொல்லவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். உதடு நீலம் பாயும் வரை காத்திருக்காதீர்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மேல்கால் முட்டியை மடக்கி முன்னால் வையுங்கள், அப்போதுதான் குப்புறப் புரளாது. வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக் கரைசல், மோர், கட்டங்காப்பி, எதுவுமே கூடாது. தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. அரைமயக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தது அத்தனையும் நுரையீரலில் இருப்பதை எக்ஸ்-ரேயில் பார்த்திருக்கிறேன். மாத்திரையால் போகாத உயிர் அதனால் போயிருக்கிறது.

கையோடு வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டு வாருங்கள், காலி அட்டைகளையும் சேர்த்து. குப்பைத்தொட்டியைக் கிளறுங்கள். தூக்க மாத்திரை மட்டும்தான் என்று நினைத்திருப்போம், கூடவே வேறு மாத்திரையும் போயிருக்கும். சில மாத்திரைகளின் பாதிப்பு ஒரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். பிள்ளை எழுந்து உட்கார்ந்து பேசுகிறது என்பதற்காக வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

---

செந்நெல், தஞ்சாவூர்
ஞாயிறு, பகல் 12.20

சிஸ்டர் சொன்னது நூறு சதம் சரி. ஆனால் மூலத்தை விட்டுவிட்டு நுனியைப் பேசுகிறோமோ என்று தோன்றுகிறது. இந்த மாத்திரைகள் சீட்டு இல்லாமல் கிடைப்பதால்தானே இவ்வளவும்? எங்கள் ஊர்ப் பக்கம் கல்லூரிப் பையன்களுக்கு எந்தக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள் என்று தெரிந்திருக்கிறது. வாரம் ஒரு செய்தி வருகிறது, போதை மாத்திரை விற்றவர் கைது என்று. அந்தக் கடைகளின் உரிமத்தை நிரந்தரமாக ரத்து செய்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கருத்து.

---

மருந்துக்கடை_திருச்சி
ஞாயிறு, பகல் 2.15

செந்நெல் ஐயாவுக்கு: தப்பு செய்கிற கடை இருக்கிறது, அதை மூடட்டும், நானே முதல் ஆளாக ஆதரிப்பேன். மீதிக் கதையையும் சொல்கிறேன்.

2013-இல் மத்திய அரசு எச்1 அட்டவணை என்று ஒன்றைக் கொண்டுவந்தது, 2014 மார்ச் முதல் நடைமுறை. அல்பிரசோலாம், டயஸிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம், டிரமடால் எல்லாம் அதில் அடக்கம். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும், பாருங்கள். இவற்றை விற்றால் தனி ரிஜிஸ்டரில் மருத்துவர் பெயர், விலாசம், நோயாளி பெயர், மருந்து, கொடுத்த அளவு எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். டிரக் இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார். இதற்கு மேல் 1985-ஆம் வருட போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் இவற்றில் பலவற்றுக்குப் பொருந்தும். சிறுவர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவு வேறு: மருத்துவர் சொல்லாமல் 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் போதை தருகிற மருந்தைக் கொடுத்தால் ஏழு வருடம் வரை கடுங்காவல். சட்டத்தில் குறை இல்லை.

கடையில் நடப்பது வேறு. ஒரு பேரன் வருகிறான். கையில் மூன்று வருடத்துக்கு முந்தைய சீட்டு. "அப்பத்தாவுக்கு வழக்கமா வாங்குறதுதான் அண்ணே, ராத்திரி தூக்கமே வராம கெடந்து புலம்புது." அந்த அப்பத்தாவை எனக்கே தெரியும். கொடுக்கவில்லை என்றால் நிஜமாகவே அவருக்குத் தூக்கம் வராது, கை நடுங்கும். கொடுத்தால் அட்டை யார் கைக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. முடியாது என்று சொன்னதற்கு என் கடைக் கண்ணாடியில் கல் விழுந்த ராத்திரியும் உண்டு. அந்தப் பையன்கள் அப்பத்தா பெயரைக் கூடச் சொல்லவில்லை, நேரடியாகவே கேட்டார்கள்.

நான் செய்வது இவ்வளவுதான்: பழைய சீட்டு என்றால் மருத்துவருக்குப் போன் போட்டுக் கேட்பேன். முப்பது நாளுக்கு எழுதியிருந்தாலும், வீட்டில் வயசுப்பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தால், பத்து நாளுக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று பெரியவர்களிடம் சொல்வேன். சட்டப்படி அதில் தடை எதுவும் இல்லை. வீட்டில் இருப்பு குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு. சிலர் முறைப்பார்கள். இப்போது பலர் அவர்களாகவே கேட்கிறார்கள்.

---

செந்நெல்
ஞாயிறு, பகல் 3.02

அண்ணாச்சி, உங்களைப் போன்ற கடைக்காரர்களை நான் சொல்லவில்லை. அந்தப் பத்து நாள் யோசனை நல்ல யோசனை. என் அம்மாவுக்கும் இனி அப்படியே வாங்கப் போகிறேன். வீட்டில் என் தம்பி மகன் தங்கிப் படிக்கிறான்.

---

விடுதி_மாணவன்
ஞாயிறு, மாலை 6.48

எல்லாரும் வீட்டைப் பற்றிப் பேசுறீங்க. ஹாஸ்டல்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

எங்க விடுதியில எக்ஸாம் டைம்ல தூக்கம் வரலன்னு ரூம்மேட்கிட்ட ஒண்ணு ரெண்டு வாங்கிப் போடுறவங்க இருக்காங்க. அவனோட பிட்ஸுக்கு, அதாவது வலிப்புக்கு, டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை. அது தப்புன்னே யாரும் நினைக்கிறதில்ல. இன்னொரு குரூப் பார்ட்டிக்குன்னே வாங்குது, சரக்கோட சேர்த்துப் போடுது. ஒருத்தன் எழுந்திரிக்கலன்னா அடுத்தவன் சொல்றது "விடு மச்சி, தூங்கி எழுந்தா தெளிஞ்சிடுவான்".

சிஸ்டர் எழுதினதப் படிச்சப்புறம் பயமா இருக்கு. ஆனா ஒரு கேள்வி. நாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா போலீஸ் வரும், வார்டனுக்குத் தெரியும், காலேஜ்ல டீசி குடுத்துடுவாங்க, அவன் வாழ்க்கையே போச்சுன்னு எல்லாரும் தயங்குறாங்க. இதுக்கு என்ன பதில்? சும்மா "தைரியமா போ"ன்னு சொல்லாதீங்க, நிஜமாவே என்ன ஆகும்னு சொல்லுங்க.

---

கறுப்பு_அங்கி, வழக்கறிஞர், சென்னை
ஞாயிறு, இரவு 8.30

தம்பி, நிஜமாகவே என்ன ஆகும் என்று கேட்டதால் வரிசையாகச் சொல்கிறேன்.

மருத்துவமனையில் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் பதிவு போடுவார்கள். அவுட்போஸ்ட் போலீசுக்குத் தகவல் போகும். ஒரு காவலர் வந்து வாக்குமூலம் எழுதிக்கொள்வார். அது நடைமுறை, அதற்காக உடனே கைது என்று எதுவும் இல்லை.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் என்றால்: பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவுதான் எல்லார் மனதிலும் இன்னும் இருக்கிறது. 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, வேறாக நிரூபிக்கப்படாத வரை அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவே கிடையாது. பொது ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும்தான் 226-இல் மிச்சம் இருக்கிறது.

போதைக்காக எடுத்தவர் என்றால்: உட்கொள்வது குற்றம்தான், 1985-ஆம் வருட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. ஆனால் அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்தக் குற்றத்துக்கு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. விற்றவனைக் காப்பாற்ற இதில் வழி இல்லை, விழுங்கியவனைக் காப்பாற்ற இருக்கிறது.

தூக்கிக்கொண்டு போன நண்பன் சாட்சி, குற்றவாளி அல்ல. தனியார் மருத்துவமனை "போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குப் போங்க" என்று முதலுதவி கூடச் செய்யாமல் திருப்பி அனுப்ப முடியாது. 1989-இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: அரசு, தனியார் எந்த மருத்துவராக இருந்தாலும் முதலில் உயிரைக் காக்க வேண்டும், சட்ட நடைமுறை அதற்குப் பிறகு.

கல்லூரி நடவடிக்கை எடுக்குமா என்பதற்கு நான் உறுதி தர முடியாது. அப்படி எடுத்தால் எதிர்த்து நிற்க வழி உண்டு, நின்றிருக்கிறேன். பிணத்துக்காக நிற்க வழி இல்லை.

---

இரவுப்பணி
ஞாயிறு, இரவு 9.15

தம்பிக்கு இன்னொன்று. என்ன போட்டான் என்று எங்களிடம் மறைக்காதீர்கள். டீ கடையில் மயங்கி விழுந்தான், வெயிலில் விழுந்தான் என்று சொல்வார்கள். நாங்கள் தலைக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டு நேரத்தை வீணாக்குவோம். வலி மாத்திரையும் சேர்ந்திருந்தால் நலாக்சோன் என்று ஒரு ஊசி இருக்கிறது, மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும். ஆனால் அது தூக்க மாத்திரையை முறிக்காது. தூக்க மாத்திரையை முறிக்க ஃப்ளூமசெனில் என்று வேறு மருந்து இருக்கிறது, அதைப் பழக்கம் உள்ளவருக்குக் கொடுத்தால் வலிப்பு வந்துவிடும். அதனால் பல நேரம் அதைத் தொடவே மாட்டார்கள். ஆக்சிஜன் வைத்து, தேவைப்பட்டால் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்து, மருந்து உடம்பை விட்டு இறங்கும்வரை காத்திருப்பார்கள். எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்று தீர்மானிக்க நீங்கள் சொல்லும் உண்மை வேண்டும்.

நண்பன் எழுந்திரிக்கவில்லை என்றால் அவனைத் தனியாக அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள். அதை மட்டுமாவது உங்கள் விடுதியில் எல்லாரிடமும் சொல்லுங்கள்.

---

கோண்டாவில்காரன், யாழ்ப்பாணம்
திங்கள், காலை 7.10

வணக்கம். இஞ்சை யாழ்ப்பாணத்திலையும் இந்தக் கதைதான் ஓடுது. எங்கட பக்கத்துப் பெடியளுக்குள்ள ப்ரீகபலின் குளிசை பரவிக் கிடக்கு. நரம்பு நோவுக்கும் வலிப்புக்கும் குடுக்கிற மருந்து. அதுவும் ஆளை மந்தமாக்கும், குடியோட சேர்ந்தால் மூச்சை அமத்தும். பள்ளிக்கூடப் பெடியளிட்டையும் பிடிபட்டிருக்கு.

நான் சொல்ல வந்தது வேறை. ஒரு காலத்தில உலகத்திலையே ஆகக் கூடின தற்கொலை விகிதங்களில ஒண்டு இலங்கையில இருந்தது. 1995-க்குப் பிறகு ஆபத்தான பூச்சிநாசினியளை ஒண்டொண்டாத் தடை செய்தார்கள். அடுத்த இருபது வருசத்தில மூன்றில் இரண்டு பங்குக்கு மேல குறைஞ்சது. சனத்தின்ர கவலை குறையேல்லை. அந்த நேரத்தில சண்டையும் சுனாமியும் எல்லாம் நடந்தது. கைக்கு எட்டின சாமான்தான் மாறினது. ஆனால் அதே காலத்தில நஞ்சு குடிக்கிறது குறைய, குளிசையை அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு வாற இளம் ஆக்கள் கூடிப்போச்சினம். இதைப் பற்றி ஆய்வுகள் இருக்கு. அதாலை குளிசைப் பெட்டியைப் பற்றி இப்ப கதைக்காட்டில் எப்ப கதைக்கிறது?

இலங்கையில இருக்கிற ஆக்களுக்கு: அம்புலன்ஸ் 1990, காசு இல்லை. மனநல உதவி இலக்கம் 1926, இரவு பகல் எண்டில்லாமல் எடுக்கலாம், தமிழிலையும் கதைக்கலாம்.

---

மனநல மருத்துவர்_கோவை
திங்கள், பகல் 1.35

கோண்டாவில்காரன் சொன்னதைத்தான் நானும் எழுத வந்தேன். நம் பக்கத்திலும் அப்படி ஒரு முயற்சி நடந்திருக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில், மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும் பூ சாகுபடி செய்யும் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் பூட்டுப்பெட்டிகளில் வைக்கச் செய்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெட்டி. மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கிராமங்களில் பூச்சிமருந்தால் போன உயிர்களும் குறைந்தன. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பைத் தொடங்கியவர் அவர்தான்.

இது ஏன் வேலை செய்கிறது? இளவயதில் சாக வேண்டும் என்ற எண்ணம் மலைபோல் நிலையாக நிற்பதில்லை. ஓர் அலைபோல வருகிறது, சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்பதுதான் பிழைப்பதையும் போவதையும் தீர்மானிக்கிறது. பெட்டியைத் திறக்கச் சாவி தேட வேண்டியிருந்தால் அந்த நிமிடங்கள் கடந்துவிடும். பிழைத்து வந்த பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வது, "எடுக்கும்போதுகூட நான் யோசிக்கல டாக்டர், அங்க இருந்துச்சு, எடுத்துட்டேன்."

என் துறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மாத்திரைகள் 1960-களில் சந்தைக்கு வந்தபோது, அதற்கு முன் இருந்த பார்பிட்யூரேட் என்ற தூக்க மருந்துகளைவிடப் பாதுகாப்பானவை என்று கொண்டாடப்பட்டன. ஒப்பிட்டால் அது உண்மையும்தான். ஆனால் நீண்ட நாள் எடுத்தால் உடம்பு பழகிப்போகும். 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இவற்றை அபின் வகை வலி மருந்துகளோடு சேர்த்து எடுப்பது பற்றி மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்தின் தகவல் குறிப்பில் கட்டம் கட்டிப் போட வைத்தது. 2020-இல் பழக்கமாகிவிடும் ஆபத்துக்கும் அதே எச்சரிக்கை வந்தது. நம்மூரில் பரீட்சைப் பயம் என்று வந்த பதினேழு வயதுப் பிள்ளைக்கு முதல் சந்திப்பிலேயே ஒரு மாதத்துக்கு எழுதிக்கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பயத்துக்குப் பேசிச் சரிசெய்யும் சிகிச்சைதான் முதல் மருந்தாக இருக்க வேண்டும். மாத்திரை தேவையென்றால் குறைந்த நாளுக்கு, குறைந்த எண்ணிக்கையில், பெற்றோர் கையில். உங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள். இந்த இழையைப் படித்துவிட்டுப் பதறிப்போய் வீட்டுப் பெரியவரின் மாத்திரையையோ பிள்ளையின் மாத்திரையையோ நாளைக் காலையே தூக்கி எறியாதீர்கள். பல மாதமாக எடுப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்து. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், மருத்துவர் பார்வையில். பூட்டி வையுங்கள். நிறுத்தாதீர்கள்.

---

நிலாமுற்றம்
திங்கள், இரவு 10.50

டாக்டர், நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. என் மகளுக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு. ஆறு மாதமாகச் சிகிச்சையில் இருக்கிறாள். மாத்திரை அவள் அறையிலேயே இருக்கிறது, அவளே எடுத்துக்கொள்வாள். பொறுப்பான பிள்ளை. இப்போது போய்ப் பூட்டினால் "என்னை நம்பலையா அம்மா" என்று கேட்பாள். அவளிடம் நேராக "உனக்குச் சாகணும்னு தோணுதா" என்று கேட்கவும் பயமாக இருக்கிறது. இல்லாத எண்ணத்தை நானே விதைத்துவிடுவேனோ என்று. ராத்திரி இரண்டு முறை எழுந்து போய் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு வருகிறேன். அவளுக்குத் தெரியாது.

---

மனநல மருத்துவர்_கோவை
செவ்வாய், காலை 6.20

அம்மா, கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. இது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். கேட்டால் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு ஒரு பாரம் இறங்குகிறது. சுற்றி வளைக்காமல் கேளுங்கள். "சில பேருக்கு இவ்வளவு கஷ்டம் வரும்போது செத்துப்போயிடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணியிருக்கா?" அவள் "ஆமாம்" என்றால் அழுதுவிடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அழுகை வந்தால் வரட்டும். திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், "எங்களுக்கு இப்படிச் செய்வியா" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், அன்றே மருத்துவரை அழையுங்கள்.

பூட்டுவதைப் பற்றி: அவளுடைய மாத்திரையை மட்டும் பூட்டினால் அவளுக்கு உறுத்தும். வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், உங்கள் பிரஷர் மாத்திரை, தாத்தாவின் மாத்திரை, காய்ச்சல் மாத்திரை உட்பட, ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். அதை ரகசியமாகச் செய்யாதீர்கள். "இனிமே நம்ம வீட்டுல எல்லா மருந்தும் இங்கதான்" என்று அவள் முன்னாலேயே செய்யுங்கள். தினமும் அன்றைய மாத்திரையை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அவள் அறையில் இருக்கும் மாத்திரையை இன்றே எடுத்துவிடுங்கள். அவளுடைய பொறுப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நீங்களும் யாரிடமாவது பேச வேண்டும். 14416, டெலிமானஸ், தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் நடப்பது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை. பெற்றோரும் அழைக்கலாம். ராத்திரி எழுந்து மூச்சைப் பார்க்கிற தாய்க்கும் அது உள்ளதுதான்.

---

கிளைட்_நதி, கிளாஸ்கோ
செவ்வாய், பகல் 3.40

ஸ்காட்லாந்தில் செவிலியராக இருக்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2020-இல் இந்தச் சின்ன நாட்டில் 1,339 பேர் போதை மருந்தால் இறந்தார்கள். பெரும்பாலானவர்களின் உடம்பில் தூக்க மாத்திரை வகை மருந்து இருந்தது. அதில் அதிகம் தெருவில் விற்கும் போலி "வேலியம்" (டயஸிபாமின் வணிகப் பெயர்). உள்ளே இருந்தது எடிசோலாம் என்ற வேறு மருந்து, ஒவ்வொரு மாத்திரையிலும் ஒவ்வொரு அளவு. ஆன்லைனிலோ தெரிந்தவர் மூலமாகவோ வாங்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்: அச்சில் இருக்கும் பெயருக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமே இருக்காது.

---

பிளஸ்டூ_டீச்சர், விழுப்புரம்
செவ்வாய், மாலை 5.55

2022-இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. ரிசல்ட் நாளுக்கு முந்தைய ராத்திரி எங்களுக்கும் தூக்கம் வருவதில்லை. நான் என் வகுப்புப் பெற்றோர் குழுவில் இந்த வருடம் அனுப்பப் போகும் செய்தி இதுதான்: ரிசல்ட்டுக்கு முந்தைய நாள் வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் பூட்டுங்கள், ஒரு வாரம் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், தவறியவர்களுக்கு அதே வருடம் துணைத்தேர்வு உண்டு என்பதை முந்தைய நாளே சொல்லிவையுங்கள். 104 உதவி எண்ணிலும் 14416-இலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மதிப்பெண்ணைப் பற்றி நாம் பேசுவதை ஒரு வாரம் கழித்துப் பேசலாம்.

விடுதி மாணவன் தம்பி, நீங்கள் எழுதியதை எங்கள் பள்ளி முன்னாள் மாணவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

---

விடுதி_மாணவன்
செவ்வாய், இரவு 9.30

டீச்சர், நன்றி. எங்க மாடியில எட்டு ரூம்ல பேசியாச்சு. இடதுபக்கம் சாய்ச்சுப் படுக்க வைக்கிறது எப்படின்னு ஒருத்தனைப் படுக்க வெச்சுச் செஞ்சு பார்த்தோம். வக்கீல் சார் எழுதின 115, 64-ஏ ரெண்டையும் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டலாம்னு வார்டன்கிட்ட கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னார். பிட்ஸ் மாத்திரை வெச்சிருக்கிற என் ரூம்மேட் இப்ப அதைப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டான், யாருக்கும் குடுக்கிறதில்ல. அவனுக்கே பத்தாமப் போச்சுன்னா பிட்ஸ் வரும்னு எங்களுக்கு இதுவரைக்கும் உறைக்கவே இல்ல.

---

பொருநை, திருநெல்வேலி
புதன், காலை 8.15

மருந்துக்கடை அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. எங்க தாத்தா காலமாகி எட்டு மாசம் ஆகுது. அவர் மாத்திரையெல்லாம் பீரோவில் அப்படியே இருக்கு, தூக்க மாத்திரை ரெண்டு அட்டை, வலிக்குக் கொடுத்தது கொஞ்சம். பாட்டி அதைத் தொட விடமாட்டேங்குது. வீட்டில் காலேஜ் போற தங்கச்சி இருக்கா. இதை எப்படி அப்புறப்படுத்தணும்? குப்பையில் போட்டால் யாராவது பொறுக்கி எடுத்துடுவாங்களோன்னு இருக்கு.

---

மருந்துக்கடை_திருச்சி
புதன், காலை 10.40

தம்பி, பாட்டியிடம் தாத்தாவின் கண்ணாடியும் கைத்தடியும் இருக்கட்டும், மருந்து மட்டும் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள்.

2025-இல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. பதினேழு மருந்துகளை வீட்டில் தேவையில்லாமல் வைத்திருக்காமல் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடச் சொல்கிறது. டயஸிபாம், டிரமடால், டேபென்டடால், மார்பின், ஃபென்டனில் அந்தப் பட்டியலில் உண்டு. ஒருவர் தவறி எடுத்தால்கூட உயிருக்கு ஆபத்து என்பதால்தான் இவற்றுக்கு மட்டும் அப்படி. மற்ற மாத்திரைகளைக் கழிப்பறையில் போட வேண்டாம், தண்ணீர் கெடும். அவற்றை அட்டையிலிருந்து பிரித்து, ஈர மண்ணோடோ காப்பித்தூள் சக்கையோடோ பிசைந்து, கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அட்டையில் உள்ள பெயரைக் கிழித்துவிடுங்கள்.

எந்த மருந்து எந்த வகை என்று தெரியவில்லை என்றால் பக்கத்து மருந்துக்கடையில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். இன்றைக்கே செய்யுங்கள், தங்கச்சி காலேஜிலிருந்து வருவதற்கு முன்னால்.